வேலிக்கு அப்பால் போன கை

சொந்த மரத்து மாம்பழத்தைத் திருடப் போய் நாயிடம் கடி வாங்கிய மனிதர்கள் எங்கள் ஊர் இணுவிலில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓர் ஆணுக்கு மறைப்பதற்கென்று மிஞ்சுவது வழுக்கை ஒன்றுதான். அதையும் தொப்பி பார்த்துக்கொள்கிறது.

நடந்தது போன மாம்பழக் காலத்தில். வெயில் இன்னும் ஏறவில்லை. நான் வேலியோரம் குப்புறப் படுத்திருந்தேன். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தேன். இடது கன்னம் மண்ணில். வலது கை, தோள்வரைக்கும், வேலியின் அடியில் தென்னோலைக் கிடுகு உக்கிப்போன ஓட்டை வழியாகப் பக்கத்து வளவுக்குள் போயிருந்தது. அங்கே, விரல் நுனிக்குச் சற்று அப்பால், என்னுடைய மரத்து மாம்பழம் ஒன்று விழுந்து கிடந்தது.

பழத்தின் மணம் வந்துகொண்டிருந்தது. காதுக்குள் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. நடுவிரல் பழத்தில் பட்டது. மெல்ல என் பக்கம் உருட்டினேன். பழம் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போது புறங்கையில் ஈரமான ஒரு மூக்கு வந்து முட்டியது.

நாய் குரைக்கவில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்த முன்னோர்கள், குரைக்காத நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனது பெரிய குறை.

நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்து இன்னும் இரண்டு பழங்கள் விழுந்தன. இரண்டும் அந்தப் பக்கமே விழுந்தன.

கதை பேச்சு இல்லை

படலையைத் திறந்து போய்க் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று வாசகர் நினைக்கலாம். வாங்கியிருக்கலாம்தான், பக்கத்து வீட்டுச் சிவபாதத்துக்கும் எனக்கும் கதை பேச்சு இருந்திருந்தால்.

எங்கள் ஊர்க் கோபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடிதடி கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. குறுகிய தெரு ஒழுங்கையில் எதிரே கண்டால் ஒருவர் வானத்தைப் பார்க்க வேண்டும், மற்றவர் சைக்கிள் செயினைப் பார்க்க வேண்டும். கோயிலில் திருநீறு வாங்கும்போது இடையில் ஓர் ஆளாவது நிற்க வேண்டும்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவும் கூடாது. அதை மூன்றாம் பேரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சாடையாகக் கதைப்பது என்று பெயர். மூன்றாம் பேர் அகப்படாவிட்டால் கோழியைப் பார்த்துச் சொல்லலாம், தென்னையைப் பார்த்துச் சொல்லலாம். எங்கள் இரு வீட்டுக்கும் வாய்த்தது ஜிம்மி.

ஜிம்மி சிவபாதத்தின் நாய். உடம்பு கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. வேலியை மதிக்கிற பழக்கம் அதற்கு இல்லை. காலையில் அங்கே கஞ்சி, பின்னேரம் இங்கே என் கையால் பிஸ்கட்.

சிவபாதத்தின் மனைவி யோகம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லுவார்: "ஜிம்மி, சில பேர் மோட்டரைப் போட்டிட்டு மறந்துபோனினம். தாங்கி நிரம்பி ஊத்துது."

நான் ஓடிப்போய் மோட்டரை நிற்பாட்டிவிட்டு வந்து இந்தப் பக்கம் நின்று சொல்லுவேன்: "ஜிம்மி, சொன்னது பெரிய உபகாரம்."

ஜிம்மி இரண்டு பக்கமும் வாலை ஆட்டும். எங்கள் வளவுகளுக்கிடையில் இருந்த தந்தி, தபால், தொலைபேசி எல்லாம் அந்த வால்தான்.

வேலி இல்லாத காலம்

கோபம் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில் இங்கே வேலிகள் இருக்கவில்லை. யாரோ அவற்றைப் பிடுங்கி அடுப்பெரித்திருந்தார்கள். குசினிகளுக்குக் கூரை இருக்கவில்லை. சிவபாதம் வீட்டுக் குசினியில் பாதி மிஞ்சியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய பானை மிஞ்சியிருந்தது. அந்தப் பாதிக் குசினியில் இந்தப் பானையை வைத்து இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டோம். சிவபாதமும் நானும் அப்போது இளந்தாரிகள். என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது. சாம்பல் மணமும், சிவபாதம் சொன்ன பகிடிகளுக்குச் சிரித்துச் சிரித்துச் சோறு மூக்கில் ஏறியதும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டு நாயை அந்த இடப்பெயர்வில் விட்டுவிட்டுத்தான் போனோம். கூட்டிக்கொண்டு போக வழி இருக்கவில்லை. மாதங்கள் கழித்து வந்தபோது எலும்பும் தோலுமாக வாசலில் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று குரைத்தது. வீட்டுக்காரரையே உள்ளே விட மறுத்தது. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வழிவிட்டது. நாயைப் பற்றி யாராவது குறைவாகக் கதைத்தால் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோவது அதனால்தான்.

நிலைமை சீரானதும் நாங்கள் செய்த முதல் வேலை, வேலி போட்டது. கயிறு பிடித்தது நானும் சிவபாதமும். கயிற்றின் ஒரு முனையில் நின்றவர் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார். அவர் சிவபாதம் என்பது என் கட்சி. நான் என்பது அவர் கட்சி.

இப்போது ஒழுங்கை முழுக்க மதில். வெளிநாட்டுக் காசு வந்தவர்களும் கட்டினார்கள், வராதவர்களும் கடன்பட்டுக் கட்டினார்கள். எங்கள் இரு வளவுக்கும் நடுவில் மட்டும் வேலிக்காக நட்ட பூவரசங் கதிகாலும் கிடுகும் நிற்கின்றன. பார்க்க வருகிற சொந்தக்காரர் "நீங்கள்தான் பழமையைக் காப்பாத்துறியள்" என்று படம் எடுக்கிறார்கள். மதில் கட்டுவதென்றால் எல்லை எது என்று இரண்டு பேரும் கூடிக் கதைக்க வேண்டும். அதனால் பழமை காப்பாற்றப்படுகிறது.

வேலியோரம் நான் வைத்த மாங்கன்று பெரிதாகி, அதன் மிகப் பெரிய கொப்பை அந்தப் பக்கம் நீட்டியது. கன்று விற்றவர் நல்ல இனிப்பான கறுத்தக் கொழும்பான் இனம் என்று சத்தியம் செய்து தந்தார். ஆனால் என் பக்கம் விழுகிற பழமெல்லாம் நார்; புளிப்பு; கொட்டைக்குள் வண்டு. இதிலிருந்து நான் கண்டுபிடித்த உண்மை என்னவென்றால், இனிப்பான பழங்கள் எல்லாம் சிவபாதத்தின் பக்கத்துக் கொப்பில் காய்க்கின்றன. வருடா வருடம் அவர்கள் அதை அறுத்துச் சுவைத்துச் சாப்பிடுவதை மனக்கண்ணில் கண்டு நான் வெந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு பழம் எடுத்து ருசி பார்த்துவிட்டால் என் நியாயம் நிரூபணமாகிவிடும்.

அதற்குத்தான் அன்று மண்ணில் படுத்தேன்.

கை கழுவுதல்

என் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"ஆரது?"

"நான்தான்" என்று சொன்னால் கதைத்ததாகிவிடும்.

"எட கோதாரி! ஜிம்மி, ஆரின்ரை கையைக் கடிச்சுப்போட்டாய்?" என்றார் யோகம். பிறகு என் கை மணிக்கூட்டை அடையாளம் கண்டிருக்க வேண்டும். குரல் தணிந்தது. "ஓ... அவரின்ரை கையோ?"

நான் கையை இழுத்தேன். வரவில்லை. யோகம் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஜிம்மி, கையை இழுக்க வேண்டாமெண்டு சொல்லு. உப்பிடியே வைச்சிருக்கட்டாம்."

கிணற்றடியிலிருந்து ஓஸ் பைப் இழுபட்டு வருகிற சத்தம். குளிர்ந்த தண்ணீர் கையில் விழுந்தது. சவுக்காரத்தின் மணம் வந்தது. அவருடைய விரல்கள், பல் பதிந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேய்த்தன. உயிர் போனது.

"எரியுது" என்றேன், பூவரசங் கதிகாலைப் பார்த்து.

"ஜிம்மி, எரியும்தான். கால் மணித்தியாலம் ஓடுற தண்ணியிலை சவுக்காரம் போட்டுக் கழுவ வேணும். சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்குடத்துக்கு வந்து சின்னப் பிள்ளையளுக்கே சொன்னவர்."

யோகம் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறார். பிள்ளைகளோடு பழகிய குரல். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லி எனக்கும் பழக்கமில்லை.

அதற்குள் என் மனைவி சரோ வந்துவிட்டார். புருஷன் குப்புறக் கிடக்கிறான், கை வேலிக்குள், அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள் உதுக்கை?"

"கை கழுவுறன்."

விஷயம் விளங்கியதும் சரோ குசினிக்கு ஓடி மிளகாய்த்தூள் போத்தலோடு திரும்பி வந்தார். சரோவின் அண்ணனைச் சின்ன வயதில் நாய் கடித்தபோது அவர்கள் வீட்டில் மிளகாய்த்தூளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசி, பிறகு மந்திரித்துப் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்களாம். மச்சான் இன்றைக்கும் அரியாலையில் நல்ல சுகமாக இருக்கிறார். அவரைக் கடித்தது சுகமான நாய் என்பதுதான் காரணம் என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

கிடுகு இடுக்கால் போத்தலைக் கண்டுவிட்ட யோகம் சொன்னார்: "ஜிம்மி, மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒண்டும் பூசப்படாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. பூசமாட்டம் எண்டால்தான் கையை விடுவன் எண்டு சொல்லு."

சரோ ஜிம்மியைத் தேடினார். அது பழத்தோடு எங்கோ போய்விட்டது. கடைசியில் என் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "சரி. பூசேல்லை."

அப்போதுதான் கை திரும்பி வந்தது. கழுவித் துடைத்த கோயில் செம்பு மாதிரி இருந்தது.

நாயோடு கதைப்பவர்

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம் பெண். காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாக் கழுவியிருக்கிறியள். ஆர் கழுவினது?"

"பக்கத்து வீட்டிலை."

"ஆரின்ரை நாய்?"

"பக்கத்து வீடு."

"நாய்க்கு ஊசி போட்டிருக்கோ?"

"தெரியாது, டொக்டர். நாங்கள் கதைக்கிறேல்லை."

"நாயோடையோ?"

"நாயோடை ஒவ்வொரு நாளும் கதைக்கிறனாங்கள். ஆக்களோடைதான் இல்லை."

டாக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப பழகின நாய். ஏன் கடிச்சது?"

நான் யோசித்தேன். இத்தனை வருடமாக என் கையால் பிஸ்கட் தின்ற நாய். கையின் மணம் தெரியும். ஏன் கடித்தது?

"பழகின நாய் காரணமில்லாமல் திடீரெண்டு கடிச்சால் நாங்கள் கொஞ்சம் கூடக் கவனமாகத்தான் பார்ப்பம். அதுவும் கையிலை, ரத்தம் வந்த கடி. பொறுத்துப் பார்க்க ஏலாது" என்றார். காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, தோளில் ஒன்று, ஏற்புக்கு, அதாவது டெட்டனசுக்கு, ஒன்று. மிச்ச ஊசிகளுக்கு எப்போது எப்போது வர வேண்டும் என்று சரோவிடம் சொன்னார். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்; கெட்டிக்காரி.

"காயம் மாறிவிட்டுதெண்டு ஊசியை இடையிலை விடக்கூடாது. நாயை அடிக்கவும் கூடாது. ரண்டு கிழமைக்குக் கட்டி வைச்சுச் சாப்பாடு குடுத்துப் பாருங்கோ. குணம் மாறினாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ உடனை வந்து சொல்ல வேணும்."

விசர்நாய்க்கடி, அந்த வெறிநோய், வந்துவிட்டால் மருந்து இல்லை; வருமுன் காப்பது ஒன்றுதான் வழி. இதை அவர் பயப்படுத்தாமல் சொன்னார். நான் பயந்துகொண்டு கேட்டேன்.

செய்தி அறிக்கை

வீட்டுக்கு வந்ததும் சரோ நேரே வேலியடிக்குப் போய், எல்லாவற்றையும் ஜிம்மிக்குச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார். அன்று பின்னேரமே சிவபாதம் ஜிம்மியைக் கட்டினார். பிறந்த நாள் முதல் கயிறு காணாத நாய். அதன் ஊளையைக் கேட்டு ஒழுங்கை முழுவதும் எனக்காகப் பரிதாபப்பட்டது.

அடுத்த நாள் காலையிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் செய்தி அறிக்கை தொடங்கியது. வாசிப்பவர் யோகம்.

"ஜிம்மி, கஞ்சி முழுக்கக் குடிச்சிட்டாய். நல்ல பிள்ளை." இடைவெளி. "ஜிம்மி, கண் ஒண்டும் சிவக்கேல்லை." இடைவெளி. "ஜிம்மி, காகத்துக்குக் குரைக்கிறாய், வழமைதான்."

தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியடியில் நின்று கேட்பேன். இவ்வளவு கவனமாக நான் எந்தச் செய்தியையும் கேட்டதில்லை.

என் பிழை, வாசிக்கிற பழக்கம். எந்த நோய் வருத்தத்தைப் பற்றி வாசித்தாலும் அது எனக்கு வந்துவிடும். கைபேசியில், நாய்க்கடியால் வருகிற நீர்வெறுப்பு நோயின் அறிகுறிகளை இரண்டு மொழியில் வாசித்தேன். இரண்டு மொழியிலும் வந்தது. ஒரு நாள் தேத்தண்ணி தொண்டையில் விக்கியது. கோப்பையை வைத்துவிட்டுச் சரோவைக் கூப்பிட்டேன்.

"சரோ, எனக்குத் தண்ணியைக் கண்டால் பயமாக் கிடக்கு."

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து உங்களுக்குத் தண்ணிக்குப் பயம்தானே" என்றார் சரோ. "குளிக்கச் சொன்னால் தெரியும்."

சொல்லிவிட்டு அங்கால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாக அவர் கட்சி. குசினியில் அன்று வெங்காயம் இருக்கவில்லை.

நான் செத்தால் சிவபாதம் செத்தவீட்டுக்கு வருவாரா என்றும் யோசித்தேன். ஒழுங்கின்படி வரக்கூடாது. ஆனால் அவருடைய நாய் கடித்துச் செத்தவன் வீட்டுக்கு வராவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பாவம், மனிதனைச் சங்கடத்தில் விட்டுவிட்டுப் போவேனே என்று எனக்கே கவலையாக இருந்தது.

பூச்சாடிக்குச் சொன்னது

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் செய்தி அறிக்கை இல்லை.

தேத்தண்ணி ஆறியது. அந்தப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம், கிணற்றடிக் கதவு திறபடுகிற சத்தம், "ஜிம்மி, ஜிம்மி" என்று தணிந்த குரல். பிறகு எங்கள் படலை கிறீச்சிட்டது.

சிவபாதம் நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு அந்த முகத்தை நேரே பார்த்தேன். எனக்கு வயது போனதை அதில் கண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த குரோட்டன் சாடியைப் பார்த்துச் சொன்னார்: "நாயைக் காணேல்லை."

நானும் அதே சாடியைப் பார்த்துக் கேட்டேன்: "கயிறு?"

"கடிச்சு அறுத்திட்டுது."

இரண்டு பேரும் சாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாய் எங்காவது செத்துக் கிடந்தால், அது ஏன் செத்தது என்று தெரியாமல் நான் எத்தனை இரவு விழித்துக் கிடப்பது? வீட்டை விட்டு ஓடிப்போவதும் விசர் பிடித்த நாயின் குணம்தான். அது இரண்டு மொழியிலும் இருந்தது.

சிவபாதம் ஒழுங்கைக்குப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். திரும்பிப் பார்த்தார்.

"ஏறும்."

அதைப் பூச்சாடிக்குச் சொல்லியிருக்க முடியாது. நான் ஏறினேன்.

கடிபட்ட கையில் பிஸ்கட் பைக்கற்றைக் கிலுக்கிக்கொண்டு, மற்றக் கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். வெங்காயத் தறைகள், புகையிலைத் தோட்டங்கள், சந்திக் கடை என்று எல்லா இடமும் போனோம். சந்திக் கடைக்காரரிடம் சிவபாதம் கேட்டார்: "கறுத்த நாய், ஒரு காது வெள்ளை, கண்டனீரோ?"

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் ரண்டு பேரையும் ஒரு சைக்கிளிலை கண்டிட்டன். இதுக்கு மேலை இண்டைக்கு நாயை வேறை காண வேணுமோ?"

செம்மண் ஒழுங்கையில் திரும்பும்போது சிவபாதம் சொன்னார்: "இறுக்கிப் பிடியும். பள்ளம்."

பிடித்தேன். பின்கம்பியை அல்ல, அவருடைய தோளை. பள்ளம் போய்விட்டது. கையை எடுக்க மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் முன்னால் பார்த்தபடியே கதைத்தார். காற்றில் பாதிதான் கேட்டது. "போன முறை நாயளுக்கு ஊசி போட வரேக்கை உவன் மதில் பாஞ்சு ஓடிட்டான். நானும் பேந்து பாப்பம் எண்டு விட்டிட்டன். என்ரை பிழை."

"நான் கையை விட்டது என்ரை பிழை" என்றேன்.

"ஏன் விட்டனீர்?"

"மாம்பழம்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உமக்கு ஏதும் நடந்தால்," என்றார், "நான் பேந்து ஆரோடையப்பா கோவிக்கிறது?"

ஒரு நாய் தண்ணீர் குடித்தது

கோயில் அன்னதான மடத்தின் பின்புறம் வாழையிலைகள் குவிந்து கிடந்தன. குவியலுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் காது.

ஜிம்மி எங்களைக் கண்டு ஓடவில்லை. பாயவுமில்லை. சாம்பாரும் சோறும் வயிறு முட்டத் தின்ற களைப்பில் நிதானமாக எழுந்து, ஊர்ப் பெரியவர் மாதிரி நடந்து, சொட்டிக்கொண்டிருந்த பைப்படிக்குப் போனது. சிமெந்துத் தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீரில் வாயை வைத்தது.

சளக், சளக், சளக்.

சிவபாதம் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிற்பாட்டாமலே காலை ஊன்றி நின்றார். நான் இறங்கிப் பின்னால் நின்றேன்.

"குடிக்குது" என்றார் சிவபாதம்.

"ஓம், குடிக்குது" என்றேன்.

உள்ளே பூசை மணி அடித்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். எப்போது கழற்றினோம் என்று தெரியாது. நாயை வாகனமாக வைத்திருக்கிற வைரவர் எங்கள் ஊரில் மரத்துக்கு மரம் இருக்கிறார். நான் அவருக்கு ஒழுங்காக ஒரு வடைமாலைகூடச் சாத்தியதில்லை. ஆனால் அன்று அந்தத் தொட்டியடியில் நான் கும்பிட்ட மாதிரி எந்தச் சந்நிதியிலும் கும்பிட்டதில்லை.

தண்ணீர் குடிப்பதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு கட்டக்கூடாது, இரண்டு கிழமையும் முழுதாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் பிறகு கண்டிப்பாகச் சொன்னார். அதை அந்த நேரத்தில் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போனதற்கும் நன்றி.

திரும்பி வரும்போது ஜிம்மி நடுவில் இருந்தது. ஒரு பக்கம் சிவபாதத்தின் முதுகு, மறுபக்கம் என் வயிறு. என் மடியில் சாம்பார் மணத்தோடு ஏப்பம் விட்டது.

பொட்டு

இரண்டு கிழமையும் ஜிம்மி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. என் ஊசிகள் எல்லாம் ஒன்றும் விடாமல் முடிந்தன. சரோ விட்டிருக்க மாட்டார். பிறகு ஜிம்மிக்கும் ஊசி போட்டோம். தலைப் பக்கம் சிவபாதம் பிடித்தார், பின்பக்கம் நான். அது கடித்த கையாலேயே பிடித்தேன்.

ஆடிப்பிறப்பு வந்தது. பகல் பதினொரு மணி போல வேலியடியில் வெட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சிவபாதம் கத்தியோடு நிற்கிறார். நான் கையை விட்ட ஓட்டை இருந்த இடத்தில் கிடுகை வெட்டி, குனிந்து போய்வர ஒரு பொட்டு, அதாவது சிறு வாசல், வைத்திருந்தார். அந்தப் பொட்டால் யோகம், ஒரு கையில் கூழ்ச் சட்டியும் மறு கையில் கொழுக்கட்டைப் பெட்டியுமாக, தலையைக் குனிந்து எங்கள் வளவுக்குள் வந்தார். பின்னால் ஜிம்மி.

பனங்கட்டி மணக்கிற கூழ். பலாவிலையைக் கோலிக் குடித்தோம். ஒரே பானையில் சமைத்த காலத்துக்குப் பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான். சிவபாதம் ஒரு பகிடி சொன்னார். எனக்குக் கூழ் மூக்கில் ஏறியது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் நான் பேச்சாளனாகிவிடுவேன். எழுந்து நின்றேன். கையைக் கழுவிய கைக்கு நன்றி சொன்னேன். பிடித்துக்கொள்ளத் தந்த தோளுக்கு நன்றி சொன்னேன். ஜிம்மியின் தலையைத் தடவி, "இது என்னிலை கோவத்திலை கடிக்கேல்லை. பிஸ்கட் தாற கை எண்டு தெரிஞ்சும், தன்ரை எசமானின்ரை வளவுக்கை களவா வந்த கை எண்டதாலை, உறவு பாராமல் கடமையைச் செய்தது" என்றேன். கடைசியாக, வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் நீண்டிருந்த மாங்கொப்பைக் காட்டி, வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தானத்தைச் செய்தேன்.

"இனி உந்தக் கொப்பு முழுக்க உங்களுக்குத்தான். ஆசைதீரச் சாப்பிடுங்கோ. நான் எட்டியும் பாரன்."

சிவபாதமும் யோகமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகம் பலாவிலையைக் கீழே வைத்தார். ஜிம்மியைப் பார்க்கவில்லை. என்னையே நேரே பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உந்தப் பழத்தை நாங்கள் ஒரு நாளும் வாயிலை வைச்சதில்லை. ஒரே நாரும் புளிப்பும். எங்கடை வீட்டிலை உது பிடிக்கிற ஒரே ஆள் ஜிம்மிதான். நீங்கள் அதின்ரை சாப்பாட்டிலை எல்லே கையை வைச்சனீங்கள்."